கடைசிப் பந்தி

ஜனவரி 20, திங்கள்

திருச்சபை அச்சிட்டுத் தரும் டயோசீஸ் டைரி இந்த வருடம் நல்ல தாளில் வந்திருக்கிறது. மை பின்பக்கம் ஊறவில்லை. முன்பக்கங்களை அப்படியே விட்டுவிட்டேன். போன நாட்களை உட்கார்ந்து நிரப்ப எனக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. ஒன்றை மட்டும் குறித்துவைக்கிறேன். ஜனவரி ஒன்பதாம் தேதி என் மகள் பியூலா கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். டெங்கு. பத்தொன்பது வயது, நர்ஸிங் இரண்டாம் வருடம். எங்களுக்கு ஒரே பிள்ளை.

மறுநாள் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பக்கத்துச் சேகரத்துச் சபைகளின் குருவானவர் தான் நடத்தித் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். இத்தனை வருடமாகக் குருவானவனாக இருந்து ஊரார் பிள்ளைகளை அடக்கம் செய்தவன், என் பிள்ளைக்கு மட்டும் இன்னொருவரைக் கூப்பிடுவதா? குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை. பாட்டும் நன்றாக அமைந்தது. "'ஐயாவோட விசுவாசத்தப் பாத்தியளா'ன்னு சனங்க பேசிக்கிடுதாவ" என்று சபை உபதேசியார் கோயில்பிள்ளை வந்து சொன்னார். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது.

இன்று முதல் வழக்கமான வேலை. நாங்கள் குடியிருக்கும் குருமனையின் மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுத்தாயிற்று. ஞாயிறு பள்ளி டீச்சர்கள் இரண்டு பேருக்குள் ஹார்மோனியம் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று சண்டை. ஆலயத்தில்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டு பேருக்கும் என் மேல் கோபம். என் மனைவி வயலெட் மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. கூட்டம் பரவாயில்லை. மைக் செட் வழக்கம்போல் பாவ அறிக்கையின்போது கூவியது.

எங்கள் சபைகளில் ஆண்கள் பந்தி பந்தியாக வந்து பீடத்தின் முன்னுள்ள கிராதியில் முழங்கால்படியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கிப் போவார்கள். பிறகு பெண்கள். கடைசிப் பந்தியில் கடைசி ஆளாக ஐயரம்மா, அதாவது குருவானவரின் மனைவி. எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் வயலெட்டுக்கு அந்த இடம்தான். அப்பம் வாங்கும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஆனால் அவள் உள்ளங்கை இலேசாக உயர்ந்து என் விரலைத் தொடும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். குருமார் வாழ்க்கையில் பெண்டாட்டியோடு தனியாக இருக்கக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான் என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு.

இன்று அவள் வரவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அப்பத் தட்டோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். மீந்ததை முறைப்படி நானே உட்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "வயிறு சரியில்ல" என்றாள். ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் வயிறு கெடத்தான் செய்யும். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். குடித்தாளா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தெற்குத் தெருவில் ஓர் அடக்கம். ஒழுங்காக நடந்தது.

நான் இந்தச் சேகரத்துக்கு வந்து ஒழித்த பழக்கங்களில் முதலாவது ஒப்பாரி. சாவு வீட்டில் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, செத்தவரின் கதையையெல்லாம் ராகம் போட்டுப் பாடுவது. நம்பிக்கை உள்ள சனத்துக்கு இது அழகா என்று எத்தனையோ பிரசங்கம் செய்தேன், கேட்பாரில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். சத்தம் கிளம்பியதும் கோயில்பிள்ளையைப் பார்த்து ஒரு விரலைத் தூக்குவேன். அவர் உடனே பாட்டெடுப்பார். மைக்கே வேண்டாத குரல் அவருக்கு. வாலிபர் சங்கத்தாரும் சேர்ந்துகொண்டால் அதற்கு மேல் எந்த ஒப்பாரியும் எழும்பாது. இப்போதெல்லாம் விரலைத் தூக்குகிற தேவையே குறைந்துவிட்டது. நான் வாசலில் கால் வைத்ததும் வீடு அடங்கிவிடுகிறது.

வயலெட் வரவில்லை. சாவு வீடுகளுக்கு என்னோடு வருவதை நிறுத்திவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

திருவிருந்து. வயலெட் கிராதிக்கு வரவில்லை. தலைவலியாம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து தொடங்கியது. காலையில் ஆராதனை. மதியம் பியூலாவின் ஹாஸ்டலிலிருந்து அவளுடைய பெட்டி வந்து சேர்ந்தது. கூடப் படித்த பிள்ளைகள் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். வயலெட் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"திறந்து பாக்கலாமா?" என்றேன்.

"ஒங்களுக்கு இன்னைக்கி மீட்டிங் இல்லையா?" என்றாள்.

இருந்தது. போனேன்.

மார்ச் 8, சனி

கன்வென்ஷன் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மே மாதக் கூட்டங்களில் இரண்டாம் இரவுச் செய்தி நான் கொடுக்க வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்: 'துக்கத்தில் ஜெயம்.' "நீங்க பேசுனாத்தான் ஐயா அதுக்கு வெயிட்டு" என்றார் ஒருவர். ஒப்புக்கொண்டேன். இவ்வளவு பெரிய கூட்டத்தில் என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை என்பதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

காபி கொண்டுவந்த வயலெட்டிடம் தலைப்பைச் சொன்னேன்.

"நீங்க நல்லாத்தான் பேசுவிய" என்று தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

வயிறும் இல்லை, தலைவலியும் இல்லை, என் மேல் ஏதோ கோபம் என்று எனக்குத் தெரிகிறது. என்ன கோபம் என்றுதான் தெரியவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாகவும் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

மஸ்கட்டிலிருந்து எங்கள் சபைப் பையன் ஆசீர் லீவில் வந்திருக்கிறான். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவனுக்கும் ஜெபக்கனிக்கும் பெண் குழந்தை. அதற்கு முன்னால் இரண்டு, பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்தவை. இரண்டையும் நான்தான் அடக்கம் செய்தேன். இது மூன்றாவது. ஐந்து மாதம் ஆகிறது, தளதளவென்று இருக்கிறது. லெந்து காலத்தில் ஞானஸ்நானமா என்று இழுத்தேன். ஆசீரின் லீவு முடிகிறதாம், விருந்து எதுவும் வைக்க மாட்டார்களாம். சரி என்றேன்.

குழந்தையின் பெயர் ஜெரோஷினி. இந்தக் காலத்துப் பெயர்களைச் சொல்ல நாக்குக்குத் தனிப் பயிற்சி வேண்டும். போன வருடம் ஒரு பிள்ளையின் பெயரை நான் தப்பாக உச்சரித்துச் சபையே சிரித்தது. அதனால் ஆசீரின் அக்கா பிளாரன்ஸ் முன்னெச்சரிக்கையாகப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"ஐயா, ஒருக்கா சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

சொன்னேன்.

"பாஸு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஜெபக்கனி மட்டும் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாம் வேதபாடம் வாசித்த பிறகு ஞானஸ்நானம். தொட்டியில் தண்ணீர் வார்த்து வைத்திருந்தார்கள். பிள்ளைக்குப் பெயரிடுங்கள் என்றேன். பிளாரன்ஸ்தான் ஞானத்தாய். "ஜெரோஷினி" என்று கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கச் சொன்னாள். சீட்டும் என் புத்தகத்துக்குள் இருந்தது. குழந்தையை வாங்கினேன். அதன் தலை என் முழங்கை மடிப்பில் வந்து சரியாக அமர்ந்தது. உச்சந்தலையில் பால் வாசம். அது என் அங்கியின் பொத்தானைப் பிடித்து இழுத்தது. நான் தண்ணீரை அள்ளினேன்.

"பியூலா, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

மூன்று தடவை தண்ணீர் வார்த்து முடிக்கும்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சரியாக நடப்பதாகத்தான் இருந்தது. பல நாள் கழித்து மனது அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பிளாரன்ஸ் வாயில் கை வைத்திருக்கிறாள். ஜெபக்கனி என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கம் வயலெட் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அப்படியே பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தையில் கேட்டேன் என்று நினைவில்லை. பிரசங்கத்தைச் சுருக்கி ஆசீர்வாதம் கூறி அனுப்பினேன்.

வீட்டில் வயலெட் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

மார்ச் 17, திங்கள்

காலையிலேயே கோயில்பிள்ளை வந்துவிட்டார். ஊர் முழுக்க இதே பேச்சாம். பிளாரன்ஸ் கொதிக்கிறாளாம். செத்த பிள்ளையின் பெயரைப் போய் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வைப்பதா, அதுவும் இரண்டைப் பறிகொடுத்த வீட்டில்? பக்கத்து ஊரில் வேறு சபையாரின் ஜெப வீட்டில் கொண்டுபோய் மறுபடி முழுக்குக் கொடுக்கலாம் என்று ஆசீரிடம் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை கொடுத்த ஞானஸ்நானத்தை மறுபடி கொடுக்க எங்கள் திருச்சபையில் இடமில்லை.

"பேருல என்ன இருக்கு உபதேசியாரே? தண்ணியும் திரியேக நாமமும்தான ஞானஸ்நானம்" என்றேன்.

கோயில்பிள்ளை தலையைச் சொறிந்தார். "நீங்கதான ஐயா ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் சொல்லுவிய, இந்தப் பேரச் சொல்லித்தான் கர்த்தர் பரலோகத்துல கூப்பிடுவாருன்னு. சனம் அதத்தான் புடிச்சிக்கிட்டு நிக்கி."

சொன்னது வாஸ்தவம். நன்றாக இருக்கிறதே என்று நானாகச் சேர்த்துக்கொண்ட வாக்கியம் அது.

பேராயர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பெற்றோர் சொன்ன பெயரே செல்லும், அதை நீங்களே சபையில் ஒருமுறை அறிவித்துவிடுங்கள் என்றார்கள். பிறகு அங்கிருந்தவர், "ஐயா, கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கிடுங்களேன்" என்றார். அவசியமில்லை என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஜெபக்கனி வீட்டுக்குப் போனேன். ஆசீர் வெளியே போயிருந்தான். பிளாரன்ஸ் நாற்காலியை எடுத்துப் போட்டாள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. ஜெபக்கனி குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்பு நடந்துபோச்சும்மா. பேரு ஜெரோஷினிதான். ஞாயித்துக்கெழம சபையில நானே சொல்லிருதேன்."

"நல்லாச் சொல்லுங்க ஐயா. எல்லாரும் கேக்குத மாதிரிச் சொல்லுங்க. எனக்கு அந்தப் பேரு வேண்டாம். பியூலா நல்ல பிள்ளைதான், எனக்கும் தெரியும். ஆனா எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி பூரா இது மூச்சு விடுதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

விசுவாசம், பயம் என்று ஏதோ தொடங்கினேன். வாயில் வந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா ஐயா? கோவிச்சிக்கிட மாட்டியளே?"

"கேளும்மா."

"எனக்கு ரெண்டாவது பிள்ள தவறுனப்ப, பெட்டிய மூடப் போகையில நான் வாயத் தொறந்தேன். ஒரு வார்த்ததான். ஒரு நா கூட ஒன்னத் தூக்கலையேன்னு. அதுக்குள்ள உபதேசியார் பாட்டெடுத்துட்டாரு. பெட்டி உள்ள போறவரைக்கும் பாட்டு நிக்கல. அந்த மிச்ச வார்த்த இன்னும் இங்கனதான் கெடக்கு." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "ஐயரம்மாவுக்கும் அதத்தான செஞ்சிய? நான் ரெண்டு ஆளு தள்ளித்தான் நின்னேன். அவிய 'மகளே'ன்னு எடுத்தாவ. நீங்க வெரலத் தூக்குனிய."

பிளாரன்ஸ் அவளைச் சும்மா இரு என்று அதட்டினாள். நான் அதட்ட வேண்டாம் என்றேன். ஜெபக்கனி சொன்னது உண்மை. என் பெண்டாட்டி வாயெடுத்தபோது நான் விரலைத் தூக்கினேன். கோயில்பிள்ளை ஒரு நொடி தயங்கினார். நான் இன்னொரு தடவை தூக்கினேன்.

அதைச் செய்தது சபைக்காக என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதிருந்தால் நான் நின்றிருக்க மாட்டேன், விழுந்திருப்பேன். அதுதான் விஷயம்.

மார்ச் 22, சனி

நாளைக்குச் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

அறிவிப்புகளின்போது சொன்னேன். தாள் இல்லாமல் சொன்னேன்.

"போன ஞாயிறு ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் பெயர் ஜெரோஷினி. நான் சொன்ன பெயர் அவளுடையது அல்ல. அது என் மகளின் பெயர். என் மகள் செத்துப்போனாள். பின்னால் தோட்டத்தில் இருக்கிறாள். இந்தக் குழந்தை அவள் இல்லை."

நித்திரையடைந்தாள் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். செத்துப்போனாள் என்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவள் உண்மையிலேயே செத்தது போல் இருந்தது. ஒரு வாரமாக எங்கோ ஒரு தொட்டிலில் அந்தப் பெயரில் ஒரு பிள்ளை மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது என்று என் மனதின் ஒரு மூலை சந்தோஷப்பட்டிருக்கிறது. அதையும் என் வாயாலேயே பறித்துக்கொண்டேன். பிரசங்கபீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயில்பிள்ளை பாட்டெடுக்கவா என்பது போல் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். யாரோ ஒரு கிழவர் மட்டும் இருமினார்.

வீட்டில் வயலெட் சாதம் பரிமாறினாள். தானும் ஒரு தட்டு எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் சேர்ந்து சாப்பிட்டோம்.

"செத்துப்போனான்னு சொன்னிய" என்றாள்.

"ஆமா."

"ம்" என்றாள். ரசம் ஊற்றினாள்.

மார்ச் 24, திங்கள்

கன்வென்ஷன் கமிட்டிக்குப் போன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்றார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது, ஜெயம்தான் இல்லை என்றேன். சிரிப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

திருவிருந்து. இன்று வருவாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, நிச்சயம் என்றே நினைத்தேன். கடைசிப் பந்தியில் ஆறு பெண்கள். ஏழாவது இடம் காலி.

சாப்பாட்டுக்குப் பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "வயலெட், அன்னைக்கி கல்லறையில ஒன்ன அழவிடாமச் செஞ்சது என் தப்பு. அந்தக் கோவம் இன்னும் போகலையா?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஒங்க மேல கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல."

"பெறவு ஏன் வர மாட்டேங்க?"

"ஒங்க முன்னால கை நீட்ட முடியல."

"ஏன்?"

"கேக்காதிய" என்று எழுந்து போனாள்.

நான் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறேன். அவள் என்னை விலக்கவில்லை. தன்னையே விலக்கிக்கொண்டிருக்கிறாள். பாவ அறிக்கை செய்யாதவர்கள் பந்திக்கு வரக்கூடாது என்று நான்தான், முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இவள் அறிக்கை செய்ய முடியாத பாவம் என்ன செய்தாள்? சாயங்கால ஜெபக் கூட்டத்தில் எதைப் பேசினேன் என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று ராத்திரி வேதமுத்து இறந்துபோனார். ரிட்டயர்டு பஸ் டிரைவர், எண்பது வயதுக்கு மேல். சென்னையிலிருந்து மகள்கள் இரண்டு பேரும் மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். மாலை அடக்கம்.

கிளம்பும்போது வயலெட் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேன்" என்றாள்.

தெரு முனையிலேயே பெண்களின் சத்தம் கேட்டது. நாங்கள் பந்தலுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் அடங்கியது. பெரிய மகள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். இதைப் பார்த்துத்தான் நான் இத்தனை நாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"அழுங்கம்மா" என்றேன். "நான் இருக்கேன்னு பாக்காதிய. அழுங்க."

யாரும் அழவில்லை. ஐயா சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன மகள், "இல்ல ஐயா, அழல" என்றாள், தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்போது வயலெட் பெட்டிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பெரிய மகளின் தோளைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தாள். பிறகு எடுத்தாள். பாட்டு என்றோ பேச்சு என்றோ சொல்ல முடியாத அந்த ராகத்தில்.

"பஸ்ஸோட்டிப் பிள்ள வளத்த பாசமுள்ள ஐயாவே, எங்க போறிய..." என்று வேதமுத்துவில்தான் தொடங்கினாள். மகள்கள் இருவரும் அவள் மடியில் விழுந்தார்கள். கதவோரம் நின்ற ஜெபக்கனி குழந்தையைப் பிளாரன்ஸிடம் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டாள். ஒப்பாரியில் எந்தச் சாவு யார் வீட்டுச் சாவு என்ற எல்லை கிடையாது. ஜெபக்கனி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பாடினாள். அந்த மிச்ச வார்த்தையைப் பாடி முடித்தாள். கோயில்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வயலெட்டின் குரல் மாறியது.

"என் மகளே, என் மயிலே, ஒங்கப்பா ஆசுபத்திரி வராந்தாவுல ஐயமாரு கூடியிருக்க முட்டுப்போட்டுச் செபிக்கையில, 'செபம் போதும், அப்பாவ வரச்சொல்லும்மா'ன்னு நீ சொன்னியே. வாயெடுத்து நான் கூப்பிடலையே. ஐயர் செபத்த மறிக்கக்கூடாதுன்னு பாவி நான் கதவப் புடிச்சி நின்னேனே. ஆமென் சொல்லி முடிக்கும் முன்னே நீ அடங்கிப் போனியே. என் மகளே, என் மயிலே, அப்பா மொகம் பாக்காம அடங்கிப் போனியே..."

பந்தலில் அத்தனை பேரும் இருந்தார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது. கல்லறையில் அன்று 'மகளே' என்று அவள் எடுத்தது இதைத்தான். எனக்குத்தான் சொல்ல வந்தாள். நான் விரலைத் தூக்கினேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு நடந்தோம். வெயில் தணிந்திருந்தது. டீக்கடை வாசலில் ஆண்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஆலமரத்தைத் தாண்டும்போது வயலெட் நின்றாள்.

"நான் கூப்பிட்டிருந்தா வந்திருப்பியளா?"

வந்திருப்பேன் என்று சொல்வதுதான் கணவனுக்கு அழகு. அப்பனுக்கும் அழகு. ஆனால் அப்படிச் சொன்னால் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் சாகும்வரை நிற்க வேண்டியதுதான். அந்த வராந்தாவை நினைத்துப் பார்த்தேன். மூன்று குருமார் என் பின்னால் முழங்காலில். நான் உருக்கமாக, நல்ல வார்த்தைகளாக எடுத்து ஜெபித்துக்கொண்டிருந்தேன். நல்ல வார்த்தைகள் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

"வந்திருக்க மாட்டேன்" என்றேன். "பொறுன்னு கையக் காட்டிட்டு, ஆமென் சொல்லி முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன். நீ கூப்பிட்டிருந்தாலும் அவ என் மொகத்தப் பாத்திருக்க மாட்டா. அது ஒன் தப்பில்ல வயலெட்."

அவள் என்னையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் கோணியது. நடுத்தெருவில் என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அங்கியைத் தோளில் போட்டபடி நானும் வாய்விட்டு அழுதேன். ஒரு சைக்கிள்காரர் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.